அறிவியல் இன்னும் சொல்லவில்லையா, சொல்லவே முடியாதா?

கேள்வி: தங்கவயல்காரன் (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். பல வாரங்களாக மனத்தில் புரண்டுகொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். சொந்தக் கதையோடு கலந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகத்தான் எழுத முடிகிறது.

என் அம்மாவுக்கு 68 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால், கடந்த 14 மாதங்களாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்கிறார். நாங்கள் கோலார் தங்கவயலைச் சேர்ந்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபின், ஊரில் பலரையும் போல நானும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து, இரவில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருமணத்துக்குப் பிறகு இங்கேயே வீடு பார்த்துக்கொண்டோம். அப்பா போனபின் அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார்.

அம்மாவின் இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் அதன்மேல் இரண்டு விரல்களை வைத்துப் பார்க்கும்படி மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர்க் குழாயைத் தொட்டால் கைக்குத் தெரியுமே, அப்படி ஓர் அதிர்வு அங்கே இருக்கும். அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பல் துலக்கியவுடன் நான் முதலில் செய்யும் வேலை அதுதான். பொட்டாசியம் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று யார் கேட்டாலும் தூக்கத்திலும் சொல்வேன்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, இயந்திரத்தில் இணைத்துச் சில மணி நேரம் ஆகியிருந்தபோது, அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “இவ்வளவு மெஷினு, இவ்வளவு தண்ணி, இவ்வளவு காசு. எல்லாம் சரிடா. எதுக்கு?” நான் ரத்தத்தில் சேரும் யூரியாவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். “அதக் கேக்கல” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் இதைப் பேசியபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. தரவு அறிவியல் துறையில் இருக்கும் என் மைத்துனர், மூளையை முழுமையாகப் படித்து முடிக்கும் நாளில் வாழ்க்கையின் பொருள் என்ன என்பதும் தெரிந்துவிடும், ஒரு காலத்தில் காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் இருந்தது போலத்தான் இதுவும் என்றார். சித்தப்பாவோ, இங்கேதான் உங்கள் அறிவியல் தோற்றுப்போகிறது, இனி கோயிலுக்குப் போ என்றார். ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார், இன்னொருவர் கைவிடச் சொல்கிறார். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

என் கேள்வி இதுதான். எதற்காக வாழ்வது என்பது அறிவியல் இன்னும் எட்டாத கேள்வியா, அல்லது எத்தனை காலமானாலும் அதன் வழியில் எட்ட முடியாத கேள்வியா? இரண்டாவது என்றால் அந்த எல்லை எங்கே இருக்கிறது? அம்மாவுக்கு நான் என்ன சொல்வது?

*

பதில் 1: மல்லேஸ்வரம்வாசி

அன்புள்ள தம்பிக்கு, 34 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விடை தெரியாத கேள்விகள் அறிவியலில் ஏராளமாக உள்ளன. பிரபஞ்சத்தில் உள்ள பருப்பொருளின் பெரும்பகுதி கரும்பொருள் என்கிறோம். அது எதனால் ஆனது என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடை கிடைத்தால் அது எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு கருவியில் ஒரு குறிப்பிட்ட சமிக்ஞை வர வேண்டும், அது இன்ன அளவில் இருக்க வேண்டும், வேறொரு குழு செய்து பார்த்தாலும் அதே வர வேண்டும். உங்கள் அம்மா கேட்டதற்கு எந்தக் கருவியில் எந்த அளவு வந்தால் இதுதான் விடை என்று ஒப்புக்கொள்வோம்? உங்கள் மைத்துனரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலுக்குக் காரணம் தெரியாத காலத்திலும், காரணம் என்றால் உடலுக்குள்ளோ வெளியிலோ இருக்கும் ஏதோ ஒன்று என்பது தெரிந்தே இருந்தது. இந்தக் கேள்வியின் விடை அப்படித் தேடிக் கண்டெடுக்கும் ஒரு பொருளாக இருக்கும் என்று எண்ண எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இந்த எல்லை தற்செயலாக ஏற்பட்டதும் இல்லை. அரிஸ்டாட்டில் வழி வந்த பழைய இயற்கைத் தத்துவத்தில் எதற்காக என்ற கேள்விக்கு இடம் இருந்தது. கல் ஏன் விழுகிறது என்றால், தனக்கு உரிய இடமான பூமியின் மையத்தை நோக்கிப் போகிறது என்று சொன்னார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கலிலியோ சாய்வுப் பலகையில் பந்துகளை உருட்டிவிட்டபோது, பந்து எதை விரும்பிப் போகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் அளந்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று கண்டார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் ஒரு படி மேலே போய், இயற்பியலில் நோக்கம் பற்றிய கேள்விகளைத் தேடக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் சாதித்தவை எல்லாம், அந்த ஒரு கேள்வியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நடந்ததால் கிடைத்தவை. இறக்கி வைத்த மூட்டையைப் பயணத்தின் முடிவில் எங்கள் தோளிலேயே தேடுவது எப்படிப் பொருந்தும்?

நீங்கள் தங்கவயல் என்று எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1965இல், உங்கள் தாத்தா வேலை பார்த்த அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகளில்தான் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களின் தடயம் பதிவானது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. மற்ற அண்டக்கதிர்களை மேலே இருக்கும் பாறை வடிகட்டிவிடும் என்பதால் அவ்வளவு கீழே போனார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் ஏறத்தாழ அதே காலத்தில் கண்டார்கள். உலகிலேயே முதன்முதலாகப் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று உங்கள் ஊர்.

அந்த ஆழத்துக்கு இரண்டு வகையான வரவுகள் இருந்தன. நியூட்ரினோ வந்தது, அது எங்கே பிறந்தது, எப்படிப் பாறையைத் துளைத்தது, ஏன் அபூர்வமாகவே எதனோடாவது மோதுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் சொல்ல வேண்டிய எல்லாம் சொல்லியாகிவிட்டது. உங்கள் தாத்தா கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், ஏறி இறங்கினார். அவருடைய தசையும் நரம்பும் வேலை செய்ததை அறிவியல் விளக்கும், விளக்கவும் வேண்டும். ஆனால் ஏன் இறங்கினாய் என்று அவரைக் கேட்டிருந்தால், பிள்ளைகளுக்காக என்றோ, கடனை அடைக்க என்றோ சொல்லியிருப்பார். அது அரைகுறையான இயற்பியல் விளக்கம் இல்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றுச் சொல்லும் நியாயம் அது. காரணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் கண்டுபிடிக்கலாம். நியாயத்தை வாழ்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இத்தகைய விவாதங்களில் இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1927இல் சொன்ன நிச்சயமின்மையையும், 1931இல் கணிதவியலாளர் கேடல் நிறுவிய தேற்றத்தையும் யாராவது கொண்டு வந்து, பாருங்கள் அறிவியலே தன் எல்லையை ஒப்புக்கொண்டுவிட்டது என்பார்கள். முதலாவது ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் பற்றியது. இரண்டாவது எண்கணிதத்தை உள்ளடக்கிய முறையான அமைப்புகளைப் பற்றியது. இரண்டுக்கும் உங்கள் அம்மாவின் கேள்விக்கும் தொடர்பில்லை. உங்கள் சித்தப்பாவிடமும் இதை அன்போடு சொல்லுங்கள்: இந்தப் போட்டியில் அறிவியல் தோற்கவில்லை, அது களத்தில் இறங்கவே இல்லை.

*

பதில் 2: யஷ்வந்த்பூர் ஆய்வு மாணவி

வணக்கம். நான் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் எல்லைக்கோட்டைச் சற்று அவசரமாகப் போட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. அந்த அவசரத்தால் உங்கள் அம்மாவுக்கு நன்மை செய்யக்கூடிய சில விஷயங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடுகின்றன.

இயற்பியல் கைவிட்ட ‘ஏன்’ என்ற சொல்லை உயிரியல் கைவிடவில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பர்கன் 1963இல் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு கேள்விகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். குயில் ஏன் கூவுகிறது என்று கேட்டால், அதன் குரலுறுப்பும் ஹார்மோனும் எப்படி வேலை செய்கின்றன என்பது ஒன்று. குஞ்சு வளரும்போது அந்தக் கூவல் எப்படி உருவாகிறது என்பது ஒன்று. கூவுவதால் பிழைப்பதற்கும் இனம் பெருகுவதற்கும் என்ன பயன் என்பது ஒன்று. அதன் முன்னோர்களிடமிருந்து அது எப்படிப் பரிணமித்தது என்பது ஒன்று. நான்கும் உண்மையான கேள்விகள், நான்குக்கும் விடை தேட முடியும். மனிதருக்கும் இவை பொருந்தும். நாம் ஏன் ஒருவரை ஒருவர் இப்படிப் பற்றிக்கொண்டிருக்கிறோம், ஏன் இழப்பு இப்படி வலிக்கிறது என்பதைப் பற்றி உயிரியல் நிறையவே சொல்கிறது. ஆனால் மூன்றாவது கேள்வியின் விடையை எடுத்து, மரபணுவைப் பரப்புவதுதான் வாழ்க்கையின் நோக்கம் என்று சிலர் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாம் எந்த வழியாக வந்தோம் என்பது, இனி எங்கே போக வேண்டும் என்பதற்குக் கட்டளை ஆகாது.

உங்கள் மைத்துனர் சொன்ன மூளை ஆய்வையும் எடுத்துக்கொள்வோம். தன் வாழ்க்கை பொருளுள்ளது என்று ஒருவர் உணரும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் என்ன நடக்கிறது என்பதை முழுமையாகவே கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் அந்த நிறைவை அடைபவரும் இருப்பார், அப்பாவி மக்களை வெறுத்து ஒழிப்பதில் அதே நிறைவை அடைபவரும் இருப்பார். இருவரின் மூளைப் படமும் ஒன்றுபோலவே இருக்கலாம். எது வாழத் தகுந்த வாழ்க்கை என்ற கேள்வி, படத்தை எடுத்து முடித்த பிறகும் மேசைமேல் அப்படியே கிடக்கும். இருப்பதை மட்டும் சொல்லும் வாக்கியங்களிலிருந்து, இப்படி இருக்க வேண்டும் என்ற முடிவை நேராக எடுத்துவிட முடியாது என்பதை தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1739-40லேயே கவனித்து எழுதிவிட்டார்.

நான் மாறுபடும் இடம் இனிதான். வேண்டும் என்பதை இருப்பதிலிருந்து மட்டும் எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இருப்பது என்ன என்று தெரியாமல் வேண்டும் என்று முடிவெடுப்பது ஆபத்தானது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் மனச்சோர்வு நோய் பரவலாகக் காணப்படுகிறது. சிறுநீரகம் பழுதானால், ரத்தச் சிவப்பணு உண்டாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் குறைந்து ரத்தசோகை வரும். அதனால் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. பாஸ்பரஸ் ஏறினால் தாங்க முடியாத அரிப்பு வரக்கூடும். இரவில் கால்களை ஓரிடத்தில் வைக்க விடாத குடைச்சல் வரும். மூன்று இரவு தூங்காத ஒருவர் எதற்கு என்று கேட்கும்போது, அது வாழ்க்கையைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கலாம், தூக்கத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அறிவியல்தான் உதவும். அம்மா எப்படித் தூங்குகிறார், சாப்பாடு ருசிக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பொட்டாசியத்தைத் தூக்கத்திலும் சொல்வேன் என்று எழுதிய நீங்கள், இவற்றைக் குறிப்பிடவில்லை என்பதால் சொல்கிறேன். தவறாக எண்ண வேண்டாம், அண்ணா.

*

மல்லேஸ்வரம்வாசி (பதில் 2க்கு)

மாணவி அம்மா சொன்ன திருத்தத்தை மனதார ஏற்கிறேன். எல்லையை விளக்கும் ஆர்வத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் செய்ய வேண்டிய வேலை இன்னும் மீதி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

*

பதில் 3: டயாலிசிஸ் டெக்னீஷியன்

நான் இந்த வேலையில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். பெங்களூருக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. படிப்பறிவில் மேலே எழுதிய இருவரோடும் என்னை ஒப்பிட முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட எல்லை எங்கே இருக்கிறது என்பதை எங்கள் துறையின் வரலாறே ஒருமுறை அப்பட்டமாகக் காட்டியிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சில நாட்களுக்கு மேல் யாருக்கும் தொடர்ந்து செய்ய முடியவில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் கையிலேயே நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். அதன் மூலம் சிகிச்சை பெற்ற முதல் நோயாளி, சில வாரங்களில் இறந்திருக்க வேண்டியவர், மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். உங்கள் அம்மாவின் கையில் இருக்கும் வகை ஃபிஸ்டுலா 1966இல் வந்தது.

சியாட்டிலில் 1962இல் தொடங்கிய மையத்தில் மிகச் சில படுக்கைகளே இருந்தன. வாழ விரும்பியவர்களோ பலர். மருத்துவர்கள் உடல்நிலையைப் பார்த்துச் சிலரை வடிகட்டினார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் அதிகமாக இருந்தார்கள். அங்கே மருத்துவர்கள் நின்றுவிட்டார்கள். இவருடைய ரத்தத்தைச் சுத்திகரிக்க முடியுமா என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இவர் வாழட்டும், அவர் வேண்டாம் என்று சொல்ல அவர்களுடைய படிப்பில் எதுவும் இல்லை. ஆகவே ஊர்மக்களிலிருந்து ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை, பெயர் வெளியே தெரியாதபடி, அமைத்தார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். வயது, எத்தனை பிள்ளைகள், வருமானம், சொத்து, படிப்பு, என்ன வேலை, இனி என்ன சாதிக்கக்கூடும் என்பதையெல்லாம் பார்த்து அவர்கள் முடிவெடுத்தார்கள். அதே ஆண்டில் ஒரு பத்திரிகைக் கட்டுரை மூலம் இது வெளியே தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. எந்த உயிர் அதிகம் பெறுமானம் உள்ளது என்று அளக்க ஏழு நல்ல மனிதர்களுக்கும் ஒரு கருவி கிடைக்கவில்லை. தங்களைப் போன்றவர்களைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிற்பாடு பலரும் குறை சொன்னார்கள். 1972இல் அந்த நாட்டு அரசே ஏறத்தாழ எல்லோருக்கும் செலவை ஏற்கச் சட்டம் செய்த பிறகுதான் அந்த முடிவை எடுக்கும் தேவை இல்லாமல் போனது.

நாங்கள் பயிற்சியில் இருந்தபோது இதை எங்களுக்குச் சொன்ன மூத்தவர், இயந்திரத்தின் திரையில் வரும் எண்களைச் சுட்டிக்காட்டி, இவை எல்லாம் சரியாக இருந்தால் உன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே என்றார். ஒரு நான்கு மணி நேர டயாலிசிஸில் ஏறத்தாழ 120 லிட்டர் திரவம் அந்த வடிகட்டிக்குள் ரத்தத்தின் மறுபக்கமாக ஓடுகிறது. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்வதை நாங்கள் 12 மணி நேரத்தில் செய்ய முயல்கிறோம். அதனால் உடல் தள்ளாடும். அம்மா எந்த நேரத்தில் கேட்டார் என்பதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். முதல் மணி நேரத்தில் எதுக்கு என்று கேட்பவர் வேறு. கடைசி மணி நேரத்தில், ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும்போது கேட்பவர் வேறு. அடுத்த நாள் காலையில், காபி குடித்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அது மூன்றாவது வகை. அதற்குத்தான் நாங்கள் மிகவும் மதிப்புக் கொடுப்போம்.

ஆகவே டயாலிசிஸ் இல்லாத நாளில் பேசுங்கள். பதில் சொல்லப் போகாதீர்கள், கேளுங்கள். எது இருந்தால் இந்தக் கஷ்டத்தைத் தாங்கலாம் என்று தோன்றுகிறது, எது போய்விட்டால் வேண்டாம் என்று தோன்றும் என்று கேளுங்கள். ஒருவேளை உண்மையாகவே நிறுத்திக்கொள்ள விரும்புகிறார் என்றால், அதுவும் மருத்துவரோடு பேச வேண்டிய, பேசக்கூடிய விஷயம்தான். வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஆதரவு சிகிச்சை இருக்கிறது. அதைப் பேசுவதால் அம்மாவைக் கைவிட்டவர் ஆகிவிட மாட்டீர்கள்.

*

பதில் 4: சிவாஜிநகர் பாட்டி

தம்பி, எனக்கு 74 வயது. உன் சித்தப்பா சொன்னதைப் படித்தேன். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் கோயிலில் யாரும் ஆயத்தமாக ஒரு பதிலைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில்லை.

திலகவதியார் வரலாறு உனக்குத் தெரிந்திருக்கும். தாயும் தந்தையும் இறந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்தார். அவரையே கணவராக நினைத்திருந்ததால் தாமும் உயிரை விடத் துணிந்தார். அப்போது சின்னஞ்சிறுவனாக இருந்த தம்பி, அக்கா, நீங்களும் போனால் நான் உங்களுக்கு முன்னால் போவேன் என்று அழுதான். தம்பி இருக்க வேண்டும் என்ற இரக்கத்தால் அவர் உயிரைத் தாங்கிக்கொண்டார். அந்தத் தம்பிதான் நாவுக்கரசர். ஏன் வாழ வேண்டும் என்று அந்த அம்மையார் எந்தச் சாத்திரத்திலும் தேடியதாகச் சொல்லவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் அழுதான், இருந்தார். உன் அம்மாவிடம் நீ வேண்டும் என்று எப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாயா? மாத்திரை போட்டாயா என்று கேட்பதைச் சொல்லவில்லை.

*

தங்கவயல்காரன் (கேள்வி கேட்டவர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருடைய பதிலையும் பலமுறை படித்தேன்.

தங்கை சொன்னபடி மருத்துவரிடம் கேட்டோம். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது, ஊசி மருந்தின் அளவை மாற்றி, இரும்புச்சத்தும் ஏற்றினார்கள். இரவில் கால் குடைச்சல் இருந்ததை அம்மா யாரிடமும் சொல்லவே இல்லை. இப்போது அதற்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஓரளவு தூங்குகிறார், முகம் சற்றுத் தெளிந்திருக்கிறது. கேள்வி கேட்ட அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். டெக்னீஷியன் அண்ணன் ஊகித்தது சரிதான், நான்காவது மணி நேரம் அது. நான் அதைக்கூடக் கவனித்திருக்கவில்லை.

ஆனால் கேள்வி மறைந்துவிடவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நானே எடுத்தேன். பாட்டி அம்மா சொன்னதைச் சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. நீ இருக்கணும்மா என்று மட்டும் சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். சற்று நேரம் கழித்து, “நான் இருக்குறது இருக்கட்டும், நீ வாரத்துல மூணு நாளு வேலைய வுட்டுட்டு அங்க வந்து குந்திக்கினு கீறியே, அது எதுக்குன்னுதான் கேட்டேன்” என்றார். அப்போது கேட்டது இதைத்தானா, அல்லது கேட்ட பிறகு இப்படி மாற்றிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. மல்லேஸ்வரம் ஐயா சொன்னது போல, சொல்ல வேண்டியவர் அவர்தான், நான் தோண்டவில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் தும்கூரைச் சேர்ந்த ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். அவர் கன்னடத்தில் பேசுவார், அம்மா தங்கவயல் தமிழில் பதில் சொல்வார். நான்கு மணி நேரமும் மருமகள்களைப் பற்றியும் உப்பில்லாத சாம்பாரைப் பற்றியும் ஓயாமல் பேச்சு நடக்கும். இரண்டு மாதமாக அவரைக் காணவில்லை. அம்மா ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு செய்து, யாரையும் கேட்கப் பயந்து இருந்திருக்கிறார். நான் விசாரித்தேன். அவர் நலமாகவே இருக்கிறார். மகனுடைய வேலை நேரத்துக்காக மதிய ஷிஃப்டுக்கு மாறியிருக்கிறார், அவ்வளவுதான். சொன்னவுடன் அம்மா, நம்மையும் மதியத்துக்கு மாற்றச் சொல் என்றார். மதியம் என்றால் நான் கூட வர முடியாதே என்றேன். ஆட்டோவில் தானே போய்க்கொள்வதாகவும், தும்கூர் அம்மாவே தனியாகத்தான் வருவதாகவும் சொன்னார்.

மருத்துவமனையில் கேட்டிருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி மதிய ஷிஃப்டில் அடுத்த வாரம் ஒரு படுக்கை காலியாகிறதாம். தும்கூர் அம்மாவுக்கு இரண்டு படுக்கை தள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். இப்படி மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா என்று டெக்னீஷியன் அண்ணன் மட்டும் சொல்லுங்கள்.

*

டயாலிசிஸ் டெக்னீஷியன்

ஒரு தொந்தரவும் இல்லை. தொற்று காரணமாகத் தனி இயந்திரம் ஒதுக்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்களை இடம் மாற்றுவது எங்களுக்குப் பத்து நிமிட வேலை. ஷிஃப்ட் இன்சார்ஜிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு ஃபிஸ்டுலா இடது கையில் என்பதால் அவர் படுக்கையின் எந்தப் பக்கம் இயந்திரம் நிற்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால், தும்கூர் அம்மா வலப்பக்கத்தில் இருப்பது நல்லது.